மூத்தவள் வாயில் வைத்த வார்த்தை

ஓசியில் எழுதிக் கொடுத்ததால் வந்த வினை அது. காசு வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் மட்டும் வினை வராமலா போயிருக்கும் என்று கேட்டால், வந்துதான் இருக்கும். ஆனாலும் அந்த வீட்டில் சண்டை மூளும்போதெல்லாம் முதலில் வந்து விழுந்தது அந்தச் சொல்தான். "காசுக்கு வித்திருந்தாக்கூட மனசு ஆறும். ஓசிக்கு வித்துட்டா என் வாயை" என்றாள் மூத்தவள்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் மூத்தவளும் இளையவளும். மூத்தவன் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். இளையவன் சுவருக்குச் சிமெண்டு பூசுகிறவன். வானம் இருட்டினால் அவன் முகமும் இருட்டிவிடும். அதனால் அடுப்பு அணையாமல் இருந்தது பெண்கள் இரண்டு பேரும் போய்வந்த லாண்டரியால்தான்.

லாண்டரி என்றால் தெருமுனை இஸ்திரிக் கடை இல்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பெரிய கொட்டகை. தகரக் கூரை. ஒரு பக்கம் அழுக்குப் பிரிக்கிற இடம். ஊரான் ரத்தமும் வாந்தியும் மருந்துக் கறையும் அங்கே நிற்பவர்கள் தலையில். அடுத்து ஆள் உயரத்துக்குத் துவைக்கிற மெஷின்கள். அதையும் தாண்டினால் இஸ்திரி ரோலர். நெருப்பாய்க் காய்ந்த இரும்பு உருளை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அதன் வாய்க்குள் ஊட்ட வேண்டும். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். மூத்தவள் ஊட்டுகிறவள். இளையவள் அந்தப் பக்கம் மேசையில் நின்று மடிக்கிறவள். வெயில் காலத்தில் வேலை விட்டு வெளியே வந்தால் வெயிலே குளுகுளுவென்று இருக்கும். மழைக் காலத்தில் தகரத்தின்மேல் கொட்டுகிற மழையும் மெஷினும் சேர்ந்து போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் அலறினாலும் காதில் விழாது.

ரோலரின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும் என்பதற்காக வைத்தது. நிற்கத்தான் செய்தது. விரல் பட்டாலும் நின்றது, தடித்த விரிப்பு பட்டாலும் நின்றது, மடிப்பு ஒன்று உரசினாலும் நின்றது. நிற்கும்போதெல்லாம் மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, மூச்சு வாங்குவது மெஷினுக்கா உனக்கா என்று கேட்பார். மெஷினுக்குத்தான் என்று ஒருத்தி பதில் சொன்னாள். அவளை அன்று பகல் முழுக்க வாசலில் நிற்க வைத்துவிட்டு வேறொருத்தியை ஊட்டச் சொன்னார். அதிலிருந்து கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவது அங்கே வழக்கமாகிப் போனது. கிழிந்த விரிப்பில் ஒரு நாடா கிழித்து இறுக்கிக் கட்டினால் கம்பி மேலேயே நிற்கும், ரோலர் நிற்காது. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் அவிழ்ப்பார்கள். அவர்கள் வண்டி ஏறியதும் கட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதலில் சொல்லித் தருகிற வேலையே அந்த முடிச்சுதான்.

இளையவளுக்குப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே எழுத்து நன்றாக வரும். தெருவில் மனு எழுத வேண்டுமானாலும், வீடு வாடகைக்கு என்று அட்டை எழுத வேண்டுமானாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒருமுறை முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. மடிப்பு மேசையில் வயசாகி நிமிர்ந்து நடந்த ஒருத்தியையும் அவள் கண்டதில்லை. கடைகளுக்கு விளம்பர வாசகம், கம்பெனிகளுக்கு அறிமுகப் பக்கம், வீடு வீடாகப் போடுகிற நோட்டீஸ். லாண்டரி விட்டு வந்தபிறகு செய்யலாம். கையில் இருக்கிற போன் போதும்.

தொழில் தொடங்க என்ன, வாயால் சொன்னால் தொடங்கியாயிற்று. ஆள் பிடிப்பதில்தான் நாக்குத் தள்ளியது. முதலில் போனது தெருமுனைப் பஞ்சர் கடைக்கு. கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்:

"'பஞ்சர் ஒட்டப்படும்'னு நானே எழுதி வச்சிருக்கேன். இதுக்கு மேல நீ என்னம்மா எழுதுவே? 'பாசத்தோட ஒட்டப்படும்'னா?"

காற்றுப் பிடிக்க நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முடிவெட்டுகிறவர், என் கடைக்கு வருகிறவன் படிக்க வருவதில்லை, தூங்க வருகிறான் என்று சொல்லி அனுப்பினார். மெத்தைக் கடைக்காரர் மட்டும் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். மாதிரிக்கு ஒன்று எழுதி வை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவள் எழுதிக் கொடுத்தது கொஞ்ச நாளில் அவர் கடைப் பலகையில் இரண்டு வார்த்தை மாறி ஏறியிருந்தது. போய்க் கேட்டதற்கு, அது என் மச்சான் எழுதியது, உன்னுடையதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பலகையைக் கண்டாலே ரத்தம் கொதித்தது. சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். நாலு வரிதானே, இதுக்கெல்லாம் கூலியா என்று கேட்டார்கள். நாலு செங்கல்தானே என்று யாரும் கொத்தனாரைக் கேட்பதில்லை.

வீட்டில் இளையவனுக்குக் கேலிதான். ஊரான் கடைக்கெல்லாம் எழுதுகிறவள் நம் வீட்டு உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டவில்லை, சர்க்கரையை அள்ளிக் குழம்பில் போட்டுவிட்டேன் என்றான். அவளுக்குத் துணை நின்றது மூத்தவள்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்துக்கு, ஒரே அலுப்போடுதான் வீடு திரும்புவார்கள். ஆனாலும் மூத்தவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படியில் நுழைந்துவிடுவாள். "நீ போய் எழுதுடி. பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது" என்பாள். முதுகு நிமிர்ந்து நடக்கிறவள் இந்த வீட்டில் ஒருத்தியாவது இருக்கட்டும் என்றும் சொல்வாள்.

போனில் வந்த வீடியோ ஒன்றில் ஒரு ஆள் பேசியதை இளையவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். முதல் வாடிக்கையை வெளியே தேடாதே, உன்னை ஏற்கெனவே தெரிந்தவரிடம் போ. முதல் வேலையைச் சும்மா செய்து கொடு. அதைக் காட்டி அடுத்த ஆளைப் பிடி என்றான் அவன். நாக்கில் தேன் தடவிக்கொண்டு பேசினான். அவளைத் தெரிந்தவர்களில் எழுத்துக்குத் தேவை இருக்கிற பெரிய ஆள் என்றால் லாண்டரி மேனேஜர் ஒருவர்தான். அந்தச் சமயம் புதிதாகத் திறந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணி மொத்தத்தையும் பிடிக்க லாண்டரி அலைந்துகொண்டிருந்தது. அங்கே கொடுப்பதற்குப் பளபள தாளில் ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்கள் என்ற பேச்சு மடிப்பு மேசை வரைக்கும் வந்திருந்தது.

கண்ணாடி அறைக்கு ஈரக் கையோடு போய் நின்றாள். நானே எழுதித் தருகிறேன் சார், ஒன்றும் தர வேண்டாம், உங்களுக்கு எழுதினேன் என்று வெளியே சொல்லிக்கொள்ள விட்டால் போதும் என்றாள். மேனேஜர் அவளை முதல்முறையாக ஏற இறங்கப் பார்த்தார். புத்தகம் முழுவதையும் தருவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்று முக்கியம்: வேலை செய்கிறவர் ஒருவர் தன் வாயால் பேசுவது போல ஒரு பக்கம் வேண்டும், படத்தோடு. பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாக வர வேண்டும், ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

அன்று மாலை மூத்தவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். இளையவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ரோலரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுக்கா என்றாள்.

"இடுப்பு ஒடியுதுன்னு எழுது" என்றாள் மூத்தவள்.

"வேற?"

"கைமுட்டி வரைக்கும் முடி பொசுங்கிப் போச்சு, காசு குடுத்து எடுக்கிறவளுக எல்லாம் இங்க வந்து நில்லுங்கடின்னு எழுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இளையவள் அதில் ஒன்றையும் எழுதவில்லை. எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினாள். 'பல வருடங்களாக இந்த இயந்திரத்தோடு பழகுகிறேன். என் விரல் அருகில் போனாலே அது தானாக நின்றுவிடும். பெற்ற தாயைப் போல என்னைப் பார்த்துக்கொள்கிறது. இங்கே வேலைக்கு வரும்போது நான் ஒருநாளும் பயந்ததில்லை.'

மூத்தவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பெத்த தாயா, அந்தச் சனியனா என்றாள். பிறகு, கம்பிதான் கட்டிக் கிடக்கிறதே, அது எங்கே நிற்கிறது என்று கேட்டாள். விளம்பரம்னா அப்படித்தான், சோப்பு விளம்பரத்தில் வருகிறவள் என்றைக்காவது துணி துவைத்திருப்பாளா என்றாள் இளையவள். அது மூத்தவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. படத்துக்கும் பேச்சுக்கும் சம்மதம் என்று மேனேஜர் கேட்ட இடத்தில், உனக்கு நாலு வேலை வந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டாள். புத்தகம் வந்தபோது தன் படத்தை எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் காட்டினாள். துடைத்த முகமும் புதுக் கையுறையுமாக நன்றாக விழுந்திருந்தாள்.

போன்காரன் சொன்னது பலித்தது. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவரின் வேலை கிடைத்தது. அவர் சொல்லி டிரைவிங் ஸ்கூல். அங்கிருந்து, வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற ஒரு அம்மா. அந்த அம்மா புத்தகத்தைப் படித்துவிட்டு, படிக்கும்போது அந்தப் பெண்ணே எதிரில் நின்று பேசுவது போல இருக்கிறது, எங்கள் ஆட்களையும் இப்படிப் பேச வை என்றார்களாம். இளையவள் அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். மெத்தைக் கடைப் பலகையைக் கடந்து போகும்போது இப்போது அவளுக்குக் கொதிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலை, மூத்தவள் ஊட்டிய விரிப்பின் ஓரம் உள்ளுக்குள் சுருண்டது. சுருக்கத்தோடு போனால் அந்தப் பக்கம் திருப்பி அனுப்புவார்கள். கையை நீட்டி இழுத்துவிடப் பார்த்தாள். எல்லோரும் தினமும் செய்வதுதான். ஈரத் துணி விரலைச் சுற்றிக்கொண்டது, ரோலர் துணியை இழுத்தது. மறுமுனையைப் பிடித்திருந்தவள் சுவரில் இருக்கிற சுவிட்சுக்கு ஓடினாள். மடிப்பு மேசையில் இளையவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வந்துகொண்டிருந்த விரிப்பு பாதியில் நின்றது. கம்பிதான் அவிழ்ந்துவிட்டது போல என்று நினைத்து நிமிர்ந்தாள். பிறகுதான் அந்த வாடை வந்தது.

மூத்தவளின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. உள்ளங்கைத் தோல் உருளையோடு போயிற்று. மிச்சம் இருந்த விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. ஆம்புலன்ஸ் வாசலை விட்டுப் போவதற்குள் கம்பியில் கட்டியிருந்த நாடாவும் போய்விட்டது. யார் அவிழ்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லாருக்கும் தெரியும்.

செய்தி கேட்டு மூத்தவன் பாதி வழியில் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தான். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சரக்கு நனைகிறது என்று முதலாளி போன் போட்டுக்கொண்டே இருக்க, தம்பியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான். அண்ணன் சார்பாக லாண்டரிக்குப் போய்க் கேட்டது இளையவன். போன வேகத்தில் திரும்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றான். மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இளையவள் பின்னால் இருந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்துப் போட்டாராம். விரல் கிட்டப் போனாலே நிற்கும் என்று உங்கள் அண்ணியே சொல்லியிருக்கிறார்கள், நிற்கிற மெஷினை நிற்காமல் செய்தது யார், பக்கத்தில் நின்ற அவர்கள்தானே என்று கேட்டாராம். வைத்தியத்துக்கும் தர முடியாது, வேலையும் கிடையாது. வேண்டுமானால் தொழிலாளர் ஆபீசில் போய்ப் பார்த்துக்கொள் என்றாராம்.

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"படி" என்றாள் மூத்தவள், திரும்பாமல்.

"எதைக்கா?"

"என் வாயில நீ வச்சதை."

இளையவள் போனை எடுத்து வாசித்தாள். பெற்ற தாய் வந்த இடத்தில் நிறுத்தினாள். மூத்தவள் விடவில்லை. முழுதும் வாசிக்க வைத்தாள்.

"விளம்பரம்தானே அக்கா. யாரும் நம்பணும்னு எழுதலையே."

"நம்பணும்னு எழுதலைன்னா எதுக்குடி எழுதுனே?"

"நீயும் கேட்டுட்டுதானே கையெழுத்துப் போட்டே." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"ஆமா, போட்டேன். அதுல எழுதியிருந்ததை நம்பியா போட்டேன்? உன்னை நம்பிப் போட்டேன்." மூத்தவள் இப்போது திரும்பினாள். கட்டுப் போட்ட கையை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். "கம்பி கட்டிக் கிடந்தது உனக்குத் தெரியாதா? நாடா எங்கேருந்து வந்துச்சு? உன் மேசையிலேருந்துதானே வந்துச்சு. நீ கிழிச்சுக் குடுப்பே, நான் கட்டுவேன். கிழிச்ச கையாலயே எழுதியிருக்கே, தாய் மாதிரி பாத்துக்குதுன்னு. உன் கை நல்லா இருக்குடி. நல்லா எழுதுது."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் பேசாமல் இருக்கலாம், கொக்கி மாட்டாமல் இருக்க முடியாது. ஒற்றைக் கையால் ரவிக்கையைப் போட முடியாமல் மூத்தவள் தினமும் காலையில் இளையவள் முன்னால் வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள். இளையவள் கொக்கியை மாட்டுவாள். சோற்றைப் பிசைந்து ஸ்பூனோடு வைப்பாள். மூத்தவள் இடது கையால் அள்ளித் தின்பாள்; பாதி மடியில் கொட்டும். துடைக்க வந்தால் தட்டிவிடுவாள். எதிரி கையால் சோறு தின்பதைவிடப் பட்டினி மேல் என்பார்கள். பட்டினி கிடந்து பார்க்காதவர்கள் சொல்வது அது.

தொழிலாளர் ஆபீசில் விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் மேனேஜர் இளையவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, உன் எழுத்தும் ஒரு காரணம் என்றார். இன்னும் இரண்டு இடத்தில் கிளை திறக்கிறோம், எழுத்து வேலை மொத்தமும் உனக்குத்தான், இனி காசு கொடுத்துத்தான் செய்வோம் என்றார். நீ விசாரணைக்கு வந்து ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று. வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மடிப்பு மேசையில் அவள் இடத்தில் புதிதாக ஒருத்தி நின்று மடித்துக்கொண்டிருந்தாள்.

இளையவனிடம் சொன்னாள். அவன் கரண்டியில் ஒட்டிக் காய்ந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மழையால் வேலை இல்லாத நாள்.

"உண்மையைச் சொன்னா உனக்கு லாண்டரி போகும். எழுத்தும் போகும். பொய் எழுதறவள்னு தெரிஞ்சா எவன் வருவான்? அண்ணிக்கு விரல் திரும்ப முளைக்கப் போகுதா?" என்றான். கொஞ்ச நேரம் சுரண்டினான். "ஆனா அண்ணன் வந்து நின்னு கேட்டா நான் என்ன சொல்றதுன்னும் எனக்குத் தெரியல."

"உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவன் கரண்டியை மழையில் தூக்கி எறிந்தான். பிறகு அவனே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

விசாரணை நாளன்று காலை லாண்டரி வேன் வந்து தெருமுனையில் நின்றது. இளையவள் ஏறினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே முடிவு இல்லை. முன்சீட்டில் மேனேஜர். வேன் பெரிய ரோட்டில் திரும்பியபோது பஸ் நிறுத்தத்தில் மூத்தவள் நின்றிருந்தது தெரிந்தது. கட்டு நனையாமல் இருக்கக் கையைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வாயைக் கயிற்றால் கட்டியிருந்தாள். இளையவன் குடை பிடித்திருந்தான். காற்று குடையைத் திருப்பித் திருப்பி அடித்தது. உங்கள் வீட்டு ஆட்கள்தானே, ஏற்றிக்கொள்ளவா என்று டிரைவர் வேகத்தைக் குறைத்தான். நேரமாயிற்று, போ என்றார் மேனேஜர். வேன் போயிற்று. சக்கரம் வாரியடித்த சேறு மூத்தவளின் புடவையில் விழுந்ததை இளையவள் பார்த்தாள். நிறுத்து என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூத்தவள் புடவையைப் பார்க்கவில்லை. வேனுக்குள் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்த்தாள்.

விசாரணை அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, கடகடவென்று ஓடுகிற மின்விசிறி. அதிகாரி ஒரு அம்மா. தலைவலிக்காரர் போல, பேசும்போதெல்லாம் நெற்றியை அமுக்கிக்கொண்டார். இளையவளை மேனேஜர் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். மூத்தவளும் இளையவனும் நனைந்து வந்து எதிரே உட்கார்ந்தார்கள். மேனேஜர் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தார். அவருக்கு நல்ல குரல். எழுத்தும் நல்ல எழுத்துதான். ஒரு இடத்தில்கூட நாக்குத் தட்டவில்லை.

நீங்கள் சொன்னதா இது என்று அதிகாரி மூத்தவளைக் கேட்டார். இல்லை என்றாள். கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதிகாரி நெற்றியை அமுக்கிக்கொண்டு இளையவளிடம் திரும்பினார்.

"நீங்கதான் எழுதினீங்களா? அவங்க சொல்லச் சொல்ல எழுதினதா?"

இளையவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தே சொல்லுங்கள் என்றதற்கும் உட்காரவில்லை.

"அவங்க சொல்லல மேடம். அவங்க இடுப்பு ஒடியுதுன்னு சொன்னாங்க, கை பொசுங்குதுன்னு சொன்னாங்க. அதையெல்லாம் விட்டுட்டு நானா எழுதினது இது. அந்த மெஷின் நிக்காது. கம்பியை நாடா போட்டுக் கட்டித்தான் ஓட்டுவோம். நாடா கிழிச்சுக் குடுக்கிறது நான்தான்."

மேனேஜர் சிரித்தார். "அப்போ ஊரை ஏமாத்தப் பொய் எழுதினேன்னு நீயே ஒத்துக்கிறே."

"ஆமா சார். பாதுகாப்பைப் பத்தி அழுத்தமா வேணும்னு கேட்டீங்க. எனக்கு அடுத்த வேலை வேணும்னு இருந்துச்சு. எழுதிட்டேன்."

"இனிமே எவன் உன்னை நம்பி எழுதக் குடுப்பான்?"

"குடுக்க மாட்டாங்க" என்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த நாற்காலியை விட்டு நகர்ந்து சுவரோரமாகப் போய் நின்றாள். எதிர்ப்பக்கம் போக அவளுக்குத் தைரியம் இல்லை.

அதிகாரி யார் பக்கமும் பேசவில்லை. இரண்டு பேச்சும் இரண்டு விதமாக இருக்கிறது, மற்ற ஆட்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், நேரில் வந்து மெஷினையும் பார்க்க வேண்டும் என்றார். அடிபட்டவருடைய வாக்குமூலம் மட்டும் இன்றைக்கே எழுத்தில் வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளை மூத்தவள் முன்னால் வைத்தார். பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு வேண்டியவர் யாராவது எழுதட்டும் என்றார்.

மூத்தவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் எழுதுவது சுவரில் அளவு குறிப்பதோடு சரி; தலையைக் குனிந்துகொண்டான். மூத்தவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடது கையால் அதைச் சுவரோரம் நின்றவள் பக்கமாகத் தள்ளினாள்.

"எழுது."

இளையவள் வந்து உட்கார்ந்தாள். பேனாவை வாங்கி, பழகிய கையாக, ஒரு வரி எழுதினாள்.

"என்ன எழுதுனே? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே. படி."

"'அன்று காலை பணியின்போது எதிர்பாராத விதமாக...'"

"எதிர்பாராத விதமாவா?" மூத்தவளின் குரல் உயரவில்லை. "நாங்க எதிர்பாத்துதான்டி இருந்தோம். தினமும் வேலைக்கு நிக்கும்போது இன்னைக்கு யாரு கைன்னுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பாப்போம். அடி அதை."

அடித்தாள்.

"கம்பியைக் கட்டினது நான். எழுது. கட்டச் சொன்னது யாருன்னா, இதோ உட்கார்ந்திருக்காரே, இவரு. கட்டாம ஓட்டினவளை வாசல்ல நிக்க வச்சதும் இவருதான். எழுதிட்டியா?"

இப்படியெல்லாம் வாயால் வந்ததை எழுதக்கூடாது என்று மேனேஜர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர்கள் முடிக்கட்டும் என்றார் அதிகாரி.

"நாடா கிழிச்சுக் குடுத்தது யாரு?" என்றாள் மூத்தவள்.

பேனா நின்றது.

"உன்னைத்தான் கேக்குறேன். யாரு?"

"நான்."

"அதை எழுது. இந்தப் புத்தகத்துல என் பேச்சுன்னு போட்டிருக்கிறதை எழுதினது யாருன்னும் எழுது. பேரோட எழுது."

இளையவள் தன் பேரை எழுதினாள். கடை கடையாக ஏறி இறங்கி, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்த பேர். மூத்தவள் மேசைமேல் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"சரியாத் தெரியல" என்றாள். "அழுத்தி எழுது."